நிஜ நட்சத்திரங்களைத் திரையில் நடிப்பது: ‘கட்’ சொன்ன பிறகுதான் வேலை

கேள்வி இது. பழைய காலத்து ஸ்டுடியோவைக் களமாக வைத்து, உண்மையில் வாழ்ந்த நடிகர் நடிகைகளையே பாத்திரங்களாக்கி, ஒரு படம் உருவான கதையைச் சொல்லும் படத்தையோ தொடரையோ எடுக்கிறோம். அதில் நடிப்பவர்கள் அசல் நட்சத்திரத்தை எவ்வளவு தூரம் ஒத்திருக்க வேண்டும்? முகம், குரல், உடல்மொழி, இவற்றில் எது முக்கியம்? நடக்காத காட்சிகளைச் சேர்க்கலாமா?

முகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முக ஒற்றுமை முதல் பத்து நிமிடத்துக்கு உதவும். ‘அட, அப்படியே இருக்காரே’ என்று பார்ப்பவர் வியப்பார். வியப்பு அடங்கியதும் அவருக்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அந்த மனிதரை ஒப்பனை அறையில் செய்து தர முடியாது.

ஒரு விஞ்ஞானியையோ விடுதலைப் போராட்ட வீரரையோ நடிப்பதற்கும் ஒரு நட்சத்திரத்தை நடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நட்சத்திரம் என்பதே ஒருவர் ஏற்கெனவே நடித்துக்கொண்டிருந்த வேடம். பிறந்தபோது வைத்த பெயரோடு ஓர் ஆள் இருந்தார். ஸ்டுடியோவும் பத்திரிகைகளும் ரசிகர்களும் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு ஆள் இருந்தார். அந்தந்தப் படத்தில் வந்த கதாபாத்திரம் மூன்றாவது. நமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவதும் மூன்றாவதும்தான். படப்பிடிப்புக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கிறேன் என்று கிளம்பும் படம், முதல் ஆளைக் காட்டுவதாகத்தான் வாக்குக் கொடுக்கிறது. ஆகவே இங்கே நடிகருக்கு உண்மையான வேலை, டைரக்டர் ‘கட்’ சொன்ன அடுத்த நொடியில் இருக்கிறது. ஒரு முகம் இறங்கி இன்னொரு முகம் வரும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், மூக்கு கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஹாலிவுட் நடிகை ஜோன் க்ராஃபோர்டை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே பெண்ணை இரண்டு பெரிய நடிகைகள் நடித்தார்கள், இரண்டு விதமாக. 1981-இல் வந்த ‘மம்மி டியரஸ்ட்’ படத்தில் ஃபே டனவே நடித்தார். புருவம், உதடு, தோள் எல்லாம் அச்சு அசல் க்ராஃபோர்ட். ஆனால் வீட்டுக்குள் மகளிடம் பேசும்போதும், கோபத்தில் கத்தும்போதும், தனியாக இருக்கும்போதும் அதே சினிமா க்ராஃபோர்டாகவே இருந்தார். நடிப்பில் குறைவே இல்லை, அளவுக்கு மீறித்தான் இருந்தது. முகமூடியைக் கழற்றும் ஒரு நொடி அந்தப் படத்தில் இல்லாததால், பயங்கரமாக இருக்க வேண்டிய காட்சிகளைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். அந்த ஆண்டின் மோசமான நடிகை என்ற ராஸி விருது டனவேவுக்குக் கிடைத்தது. அந்தப் படம் தன் தொழில் வாழ்க்கையைப் பாதித்தது என்று பின்னாளில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார்.

2017-இல் ‘ஃபியூட்’ என்ற எட்டு பகுதித் தொடர் வந்தது. 1962-இல் வெளியான ‘வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?’ படத்தில் பெட்டி டேவிஸும் க்ராஃபோர்டும் சேர்ந்து நடித்ததையும், அவர்களுக்கிடையே இருந்த பகையையும் சொல்லும் தொடர். டேவிஸாக சூசன் சரண்டன், க்ராஃபோர்டாக ஜெசிகா லாங். லாங்கின் முகம் க்ராஃபோர்டை அவ்வளவாக ஒத்திருக்காது. அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. க்ராஃபோர்ட் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் லூசில் லசூர். ‘ஜோன் க்ராஃபோர்ட்’ என்ற பெயரே ஸ்டுடியோ ஏற்பாட்டில் ஒரு பத்திரிகை நடத்திய போட்டி மூலம் வந்தது. அந்தக் கனவான் வீட்டு உச்சரிப்பு, நிமிர்ந்த கழுத்து எல்லாம் அவர் உழைத்துக் கற்றுக்கொண்டவை. லாங் அந்த உழைப்பை நடித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் கவனமாக, தவறிவிடக் கூடாதே என்ற பயத்தோடு உச்சரிக்கும் ஒரு பெண் நமக்குத் தெரிந்தார். குடித்திருக்கும்போதும் அவமானப்படும்போதும் அந்தக் கவனம் நழுவியது. க்ராஃபோர்டின் படம் ஒன்றைக்கூடப் பார்க்காதவருக்கும் அது போய்ச் சேரும். டனவேயின் நடிப்பை ரசிக்க மூலத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொடரில் வயது விஷயமும் சுவாரஸ்யமானது. 1962-இல் டேவிஸுக்கு 54 வயது. அவரை நடித்தபோது சரண்டனுக்கு 70. நம்பும்படியாகவே இருந்தது, ஏனென்றால் அன்றைய ஐம்பது வயது நடிகையின் தோற்றமும் தொழிலில் அவருக்கு இருந்த நிலையும் இன்று அறுபதைத் தாண்டியவருக்குத்தான் பொருந்துகின்றன. வயதுச் சான்றிதழை வைத்து நடிகரைத் தேடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மர்லின் மன்றோவைப் பற்றிய ‘மை வீக் வித் மர்லின்’ (2011) இதையே ஒரு காட்சியாக வைத்திருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் ‘தி பிரின்ஸ் அண்ட் தி ஷோகேர்ள்’ படப்பிடிப்பு நடந்தபோது அங்கே கடைநிலை உதவியாளராக இருந்த இளைஞனின் பார்வையில் கதை நகர்கிறது. மர்லினாக மிஷெல் வில்லியம்ஸ். அந்த இளைஞனோடு விண்ட்சர் கோட்டையைப் பார்க்கப் போகிறார். வேலைக்காரர்கள் இவரைப் பார்க்கக் கூடி நிற்கிறார்கள். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், ‘நான் அவளாக இருக்கட்டுமா?’ என்று அவனிடம் கேட்டுவிட்டு, இடுப்பை ஒடித்து, முத்தத்தைப் பறக்கவிட்டு, உலகம் அறிந்த மன்றோவாக மாறுகிறார். சில நொடிகள்தான். அதற்கு முன்பும் பின்பும் வில்லியம்ஸ் மன்றோவைப் போலவே நடந்துகொண்டிருந்தால் அந்தக் காட்சியே இருந்திருக்காது. நகல் எடுப்பதை அவர் சேமித்து வைத்திருந்தார், தேவையான இடத்தில் செலவழித்தார்.

நம் பக்கம் வந்தால், ‘நடிகையர் திலகம்’ (2018) படத்தில் கீர்த்தி சுரேஷ் செய்த ஒரு காரியம் இன்னும் கடினமானது. கே.வி.ரெட்டி இயக்கிய ‘மாயாபஜார்’ 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. அதில் கடோத்கஜன் மாயத்தால் கதாநாயகியின் உருவம் எடுத்துக்கொள்வான். கடோத்கஜன் எஸ்.வி.ரங்கராவ், கதாநாயகி சாவித்திரி. ஆக சாவித்திரி, பெண் உருவத்தில் இருக்கும் அரக்கனை நடிக்க வேண்டும். ரங்கராவின் கம்பீரம், மீசை முறுக்கும் கை, அகலமான நடை எல்லாம் அந்த மெல்லிய பெண்ணின் உடம்பில் எட்டிப் பார்க்கும். இந்தக் காட்சி படமாவதை ‘நடிகையர் திலகம்’ திரும்ப எடுத்தது. இப்போது கீர்த்தி, சாவித்திரியை நடிக்கிறார். அந்தச் சாவித்திரி கடோத்கஜனை நடிக்கிறார். அந்தக் கடோத்கஜன் ஒரு பெண்ணை நடிக்கிறான். இவ்வளவு அடுக்கும் ஒரு முகத்தில் தெரிய வேண்டும். வெறும் மிமிக்ரியாக இருந்தால் மேல் அடுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். இடது கண்ணில் மட்டும் இரண்டு சொட்டுக் கண்ணீர் கேட்கப்படும் காட்சியிலும் அப்படித்தான். அழுவது பெரிதில்லை, கேட்ட அளவில் அழுதுவிட்டு அடுத்த நொடி குழந்தையாகச் சிரிக்கிறாளே, அந்தத் திருப்பத்தில்தான் சாவித்திரி என்ற கலைஞர் தெரிகிறார். அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கீர்த்திக்குக் கிடைத்தது.

குரல் விஷயத்தில் தமிழில் படம் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மிமிக்ரி நம் மேடையிலும் தொலைக்காட்சியிலும் ஊறிப்போன கலை. சிவாஜியின் கர்ஜனையையும், எம்.ஜி.ஆரின் கையசைப்பையும், எம்.ஆர்.ராதாவின் ஏற்ற இறக்கத்தையும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். ஒரு சோகமான காட்சியில் நடிகர் அந்தத் தொனியைத் தொட்டுவிட்டால் போதும், அரங்கில் கைத்தட்டல் கேட்கும், காட்சி செத்துவிடும். இந்த ஆபத்தை நன்றாகப் புரிந்துகொண்ட படம் ‘இருவர்’ (1997). பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும் ஆனந்தன் யார், தமிழ்ச்செல்வன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மோகன்லால் எம்.ஜி.ஆரின் குரலையோ மேடைச் சைகைகளையோ நகலெடுக்கப் பார்க்கவில்லை. கூட்டம் தன்னைப் பார்க்கிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது அவன் உடம்பு எப்படி மாறுகிறது என்பதை நடித்தார். வாய்ப்புத் தேடி அலையும் ஆனந்தனின் நடையும், பெயர் வாங்கிய பிறகான நடையும் வேறு வேறு. தோற்றத்தில் எம்.ஜி.ஆருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், அவரை நமக்கு விளக்கிவிட்டார்.

எம்.ஜி.ஆரை நேரடியாகவே நடிக்கப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. 1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்டதில் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகு அவருடைய பேச்சு மாறிவிட்டது. இன்று மிமிக்ரியில் கேட்பது பெரும்பாலும் அந்த மாறிய குரல்தான். 1950களில் நடக்கும் கதையில் அந்தக் குரலைப் போட்டால் அது காலப் பிழை. அதைவிட முக்கியமாக, வசனம் பேசியே பெயர் வாங்க வேண்டிய ஒரு தொழிலில் குரல் அடிபட்ட நடிகன், அதே குரலோடு மறுபடி கேமரா முன் நின்ற தைரியம் ஒரு முழுப் படத்துக்கான விஷயம். அதை வெறும் சாயலாக வீணாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஹாலிவுட்டில் ‘எட் வுட்’ (1994) படத்தில் பேலா லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோ செய்ததும் இதே வகை. லுகோசி ஹங்கேரிக்காரர், டிராகுலாவாகப் புகழ் பெற்றவர். அந்த உச்சரிப்பை யார் வேண்டுமானாலும் பண்ணலாம். லாண்டோ, தன் உச்சரிப்பை மறைக்கப் பார்த்து முடியாமல் போகும் ஒரு கிழவராகப் பேசினார். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஒப்பனைக் குழுவுக்கும் கிடைத்தது. ஒப்பனையும் நடிப்பும் ஒன்றை ஒன்று மறைக்காமல் நின்றதற்கு நல்ல சான்று அது. ‘தி ஏவியேட்டர்’ (2004) படத்தில் கேத்தரின் ஹெப்பர்னாக வந்த கேட் பிளான்செட்டின் பேச்சு முதலில் மிகையாகத் தோன்றும். பிறகு ஹெப்பர்னின் குடும்பத்தோடு ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி வரும். வீடே அப்படித்தான் பேசுகிறது, யாரும் யாரையும் முடிக்க விடுவதில்லை. அந்தத் தோரணை எங்கிருந்து வந்தது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. காரணம் தெரிந்த பிறகு மிகை உறுத்துவதில்லை.

அடுத்தது புகழ்பெற்ற காட்சிகளைத் திரும்ப எடுப்பது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பார்ப்பவர் கையில் இன்று கைபேசி இருக்கிறது, அசல் காட்சி அதிலேயே இருக்கிறது. நீங்கள் அதே கோணத்தில், அதே லென்ஸில், அதே ஒளியில் எடுத்தால் ஒப்பிடச் சொல்லி நீங்களே அழைப்பு விடுக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டில் நகல் எப்போதும் தோற்கும். கேமராவை மறுபக்கம் கொண்டுபோய் வைப்பதே நல்லது. நட்சத்திரத்தின் முதுகும், அவருக்கு எதிரே நிற்கும் லைட்மேன்களும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் சவுண்ட் என்ஜினியரும் தெரியட்டும். அந்தப் பக்கத்தை எந்த ரசிகரும் பார்த்ததில்லை, ஒப்பிடவும் முடியாது. ‘ஹிட்ச்காக்’ (2012) படம் ‘சைக்கோ’ உருவான கதையைச் சொன்னாலும், ‘சைக்கோ’வின் காட்சிகளை அப்படியே பயன்படுத்தும் உரிமை அவர்களிடம் இல்லை. அது தடைதான். ஆனாலும் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம், ‘சைக்கோ’ ஓடும் அரங்குக்கு வெளியே தியேட்டர் லாபியில் நின்று, உள்ளே கேட்கும் அலறலுக்கு ஏற்ப டைரக்டர் ஹிட்ச்காக் கையை ஆட்டும் காட்சி. திரையில் ஓடுவதை நாம் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்’ (2019) இன்னும் ஒரு படி மேலே போனது. ஷாரன் டேட்டாக நடிக்கும் மார்கோ ராபி ஒரு தியேட்டருக்குப் போய் தன் படத்தையே பார்க்கிறார். திரையில் ஓடுவது நிஜ ஷாரன் டேட். முகத்தை மாற்றவில்லை, திரும்ப எடுக்கவும் இல்லை. இருவரும் ஒரே ஆள் இல்லை என்று கண்ணுக்கு எதிரே தெரிகிறது, ஆனாலும் மனது ஏற்றுக்கொள்கிறது. ஜனங்கள் சிரிக்கும்போது ராபியின் முகத்தில் வரும் மகிழ்ச்சி போதுமானதாக இருக்கிறது. கொலையுண்டவராக மட்டுமே நினைவில் வைக்கப்பட்ட ஒரு நடிகைக்கு அவருடைய நடிப்பைத் திருப்பிக் கொடுத்த காட்சி அது. அதே படத்தில் ப்ரூஸ் லீ காட்டப்பட்ட விதத்தை அவருடைய மகள் ஷானன் லீ கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கிடைத்த மரியாதை இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டுடியோவைச் சரியாகக் காட்டுவது நடிப்புக்கு வெளியே இருக்கும் விஷயம் என்று தோன்றலாம். இல்லை. நடிகரின் உடம்பு அந்தத் தளத்தில்தான் வேலை செய்கிறது. 1950களின் ஃப்ளோரில் மானிட்டர் கிடையாது. இன்று டைரக்டர் திரை முன் உட்கார்ந்து ஷாட்டைப் பார்க்கிறார். அன்று அவர் கேமரா பக்கத்தில் நின்று நடிகரின் முகத்தையே நேராகப் பார்த்தார். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது லேபில் கழுவிய பிலிம் (ரஷ்) வந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும். ‘எனக்கு ஓகே, உங்களுக்கு?’ என்று டைரக்டர் கேமராமேனிடமும் சவுண்ட் என்ஜினியரிடமும் கேட்பது வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஃப்ளோரில் நட்சத்திரம், தன்னை எதிலும் பார்த்துக்கொள்ள முடியாமல், எதிரே நிற்கும் நான்கைந்து பேரின் கண்ணை வைத்தே தான் எப்படி நடித்தோம் என்று தெரிந்துகொண்டார். டேக் முடிந்ததும் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்ற சின்ன முடிவு, அந்த செட்டில் யாருக்கு அதிகாரம் என்பதைச் சொல்லிவிடும். இப்படி ஒரு பார்வை பக்கம் பக்கமான வசனத்தை மிச்சப்படுத்தும்.

பாட்டும் அப்படியே. 1930களின் மத்தியில் நடக்கும் கதை என்றால் நடிகரே கேமரா முன் பாடுவார், வாத்தியக்காரர்கள் ஃப்ரேமுக்கு வெளியே ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். தப்பு விட்டால் எல்லோரும் முதலிலிருந்து. 1955 என்றால் ஏற்கெனவே பதிவான பாட்டை ஒலிக்கவிட்டு வாயசைப்பு. பாகவதர் காலத்து நடிகரும் சாவித்திரி காலத்து நடிகையும் பாடும் காட்சியில் காட்டும் உழைப்பு ஒன்றாக இருக்கவே முடியாது. முன்னவருக்கு நரம்பு புடைக்கும், பின்னவருக்குப் புடைத்தால் தவறு. ஆர்க் விளக்குகளின் சூட்டில் உருகும் ஒப்பனை, ஓயாத டச்சப், சத்தம் வரும் என்று நிறுத்தப்பட்ட மின்விசிறி, இவையெல்லாம் வந்தால் நடிகருக்குத் தனியாக ‘அந்தக் கால’ நடிப்பு தேவைப்படாது.

இந்த வகைப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்றுதான். வேலையைக் காட்டுவதை விட வீழ்ச்சியைக் காட்ட இவை அதிகம் ஆசைப்படுகின்றன. மது, கடன், துரோகம், மருத்துவமனை. மன்றோ 1950களின் மத்தியில் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். லாரன்ஸ் ஒலிவியர் இயக்கிய ‘தி பிரின்ஸ் அண்ட் தி ஷோகேர்ள்’ அந்த நிறுவனத்தின் படம். அதாவது தாமதமாக வருகிறாள் என்று டைரக்டர் கோபப்படும் அந்தப் பெண்தான் படத்தின் முதலாளி! இதில் எவ்வளவு நாடகம் இருக்கிறது. ‘ப்ளாண்ட்’ (2022) மன்றோவின் புகைப்படங்களை மயிரிழை பிசகாமல் திரும்ப உருவாக்கியது, அனா டி அர்மாஸும் மனதைக் கொடுத்து நடித்தார். ஆனால் அந்த முதலாளியை அதில் தேடினால் கிடைக்க மாட்டார். சாவித்திரி படங்கள் இயக்கியிருக்கிறார். சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ எடுத்தார். ஒரு பெண் டைரக்டராக அந்தக் காலத்து ஃப்ளோரில் நின்றது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு முழுப் படம் எடுக்கலாம். கடன் சேர்ந்த கதையின் ஒரு கண்ணியாக மட்டும் அதைக் கடந்துபோவது அநியாயம்.

சரி, நடக்காததைச் சேர்க்கலாமா? சேர்க்காமல் எடுக்கவே முடியாது. பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் என்ன பேசினார்கள் என்பதற்கு யாரிடமும் பதிவு இல்லை. நீதிமன்றங்களும் இதைப் பெரும்பாலும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. ‘ஃபியூட்’ தொடரில் தன்னைக் காட்டிய விதத்தை எதிர்த்து பழம்பெரும் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் 2017 ஜூன் 30 அன்று வழக்குப் போட்டார். மறுநாள் அவருக்கு 101 வயது. தான் கொடுக்காத ஒரு பேட்டியைக் கொடுத்ததுபோல் காட்டியதும், தன் சகோதரியைத் தான் ஒரு கெட்ட வார்த்தையால் குறிப்பிட்டதுபோல் காட்டியதும் அவருடைய குறை. 1940களில் வார்னர் ஸ்டுடியோவின் அடிமை ஒப்பந்தத்தை எதிர்த்து வென்று, ஏழு வருடத்துக்கு மேல் யாரையும் கட்டிவைக்க முடியாது என்று நிலைநாட்டியவர் அவர். இந்த முறை வெல்லவில்லை. 2018 மார்ச்சில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடரின் பக்கம் நின்றது, 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன், அது மாறாக வந்திருந்தால் உண்மை மனிதர்களைப் பற்றிப் படமே எடுக்க முடியாது. ஆனால் அப்போது உயிரோடு இருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தது எனக்கு உறுத்துகிறது. சட்டத்துக்குத் தேவை இல்லாவிட்டாலும் கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. ஜெயலலிதாவைப் பற்றிய படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயரும் தனியுரிமையும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்குச் சொத்துபோல் வராது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக இறந்தவரைப் பற்றி எதையும் காட்டலாம் என்று அர்த்தமில்லை. குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் மேல் அவதூறு சொன்னால் அது குற்றமாகலாம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவிலேயே விளக்கம் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

சட்டத்தை விடக் கஷ்டமான பிரச்சினை நியாயம். இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையில் ஒருவரை நாயகியாக்கினால் மற்றவர் தானாகவே குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடுகிறார். ‘நடிகையர் திலகம்’ வந்தபோது சாவித்திரியின் மகள் அதை வரவேற்றார். ஜெமினி கணேசனின் மகள்களில் ஒருவரான டாக்டர் கமலா செல்வராஜ், தன் தந்தையைக் காட்டிய விதம் சரியில்லை என்று பகிரங்கமாகவே மறுத்தார். இரண்டு பேருடையதும் மகள் மனதுதான். துல்கர் சல்மான் ஜெமினியை அவ்வளவு வசீகரமாக நடித்திராவிட்டால் அந்தப் பாத்திரம் வெறும் வில்லனாகியிருக்கும். எதிர்ப்பக்கப் பாத்திரத்துக்கு நல்ல நடிகரைப் போடுவது பல நேரங்களில் எழுத்து செய்யத் தவறிய நியாயத்தைச் செய்துவிடுகிறது.

அதற்காகக் குடும்பத்தாரையே நடிக்க வைத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. ‘சாப்ளின்’ (1992) படத்தில் ஜெரால்டின் சாப்ளின் தன் சொந்தப் பாட்டியாக, மனநலம் குன்றிய ஹன்னாவாக நடித்தார், அது மனதை உலுக்கியது. ‘நடிகையர் திலகம்’ படத்தில் நாக சைதன்யா தாத்தா நாகேஸ்வர ராவாகச் சில நிமிடம் வந்தது அழகாக இருந்தது. முழுநீளப் படத்தில் மகன் அப்பாவை நடிக்கும்போது, என்.டி.ஆர். பற்றிய 2019 படங்களில் பாலகிருஷ்ணா செய்ததுபோல், பக்திதான் முன்னால் வந்து நிற்கிறது. கட் சொன்ன பிறகு தெரியும் முகத்தை அப்பாவின் பிம்பத்திலிருந்து கழற்றிக் காட்ட ஒரு மகனுக்கு எப்படி மனம் வரும்?

ஆதாரங்களைப் பொறுத்தவரை, கிசுகிசுப் பத்திரிகையை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1940களில் ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ நடத்திய லட்சுமிகாந்தன் எழுதியதெல்லாம் அன்று பரபரப்பாக விற்றது. அவருடைய கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறை சென்று 1947-இல் விடுதலையானார்கள். அந்தப் பத்திரிகைகள் சொன்னதைத் திரைக்கதையில் உண்மையாக வைப்பது, அன்று பாதிக்கப்பட்டவர்களை மறுபடி பாதிப்பது. செட்டில் இருந்த ஒப்பனைக்காரர், உதவி டைரக்டர், லைட்பாய் சொன்னவற்றுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அவர்கள்தான் கட் சொன்ன பிறகும் அங்கே இருந்தவர்கள்.

பார்த்து நகலெடுக்க எதுவுமே மிஞ்சாத நட்சத்திரங்களும் உண்டு. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே.ரோஸி தலித் பெண். ‘விகதகுமாரன்’ மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக மேல்சாதிக்காரர்கள் வன்முறையில் இறங்க, ஊரை விட்டே ஓட வேண்டியிருந்தது. அந்தப் படமும் இன்று இல்லை. மலையாள டைரக்டர் கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ (2013) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது சாந்தினி கீதாவுக்கு ஒத்துப்பார்க்க ஒரு துண்டுப் பிலிம்கூட இல்லை. படப்பிடிப்பில் உடுத்திக்கொண்ட பட்டையும் நகையையும் கழற்றிவிட்டு மறுபடி தன் பழைய துணிக்கு மாறும் ஒரு பெண்ணை அவர் நடித்தார். முக ஒற்றுமை இல்லாமலேயே ஒரு நட்சத்திரத்தை நடிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியாக, பெயரை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி. மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த ‘பூமிகா’ (1977) பெயரை மாற்றியது, ஸ்மிதா பாட்டீல் யாரையும் ஒத்திருக்கத் தேவையில்லாத சுதந்திரத்தோடு நடித்தார். ‘இருவர்’ மாற்றியது. சில்க் ஸ்மிதாவை நினைவுபடுத்திய ‘தி டர்ட்டி பிக்சர்’ (2011), இது அவர் கதையில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் பெயரின் ஈர்ப்பை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. என் அளவுகோல் எளிது. தெரிந்த சம்பவங்களை அப்படியே வைத்து, மூடிய அறைப் பேச்சை மட்டும் கற்பனை செய்தால் நிஜப் பெயரோடு எடுங்கள். யார் யாரைக் காதலித்தார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், யார் எப்படி இறந்தார்கள் என்பதையே மாற்றப் போகிறீர்கள் என்றால் பெயரையும் மாற்றிவிடுங்கள், விளம்பரத்திலும் அந்தப் பெயரைத் தொடாதீர்கள். இந்த முடிவைத் திரைக்கதையின் முதல் பக்கம் எழுதும் முன்பே எடுத்துவிட வேண்டும். பெயர் மாறினால் ஒட்டுமூக்கும் டோப்பாவும் வைத்து அந்த முகத்தைத் துரத்தும் செலவு மிச்சம், நடிகரையும் முகத்தை வைத்துத் தேட வேண்டியதில்லை. பெயர் மாறாவிட்டால், செட்டுக்கு வெளியே நடக்கும் காட்சிகளை முதலில் எடுத்து முடித்துவிட்டு, ஊரே அறிந்த அந்தப் பழைய காட்சியை நடிகர் திரும்ப நடிக்கும் நாளைப் படப்பிடிப்பு அட்டவணையின் கடைசி வாரத்தில் வையுங்கள்.